எல்லப்பண்ணன் வூட்டு வாசல்

எல்லப்பண்ணன் வூட்டுக்குள்ள போவணும்னா தலையைக் குனியணும், அதே சமயத்துல காலையும் தூக்கணும். தலையை மறந்தா நெத்தி புடைக்கும். காலை மறந்தா குப்புற விழணும். நான் கல்யாணமாகி வந்த புதுசுல உறைமோர் கேக்கப் போயி ரெண்டையும் ஒண்ணா மறந்தேன். நெத்தியில ஒரு புடைப்பு, முழங்கால்ல ஒரு சிராய்ப்பு, கையில வெறுங்கிண்ணி. அப்படித்தான் எங்க வூட்டுக்குத் திரும்பி வந்தேன்.

எந்தப் புண்ணியவான் கட்டுன வாசல் இதுன்னு அன்னிக்கே எனக்குக் குடைய ஆரம்பிச்சிடுச்சு. ஒரு விஷயம் தெரியலன்னா எனக்குச் சோறு எறங்காது. எங்க வூட்டுக்காரர்கூட, "பூவம்மா, உனக்கு எதுக்குடி ஊரான் வூட்டு வாசப்படி?"ன்னு திட்டுவாரு. எதுக்குன்னா? புடைச்சது என் நெத்தியில்ல?

எங்க ஊரு குருபரப்பள்ளிக்குப் பக்கம். கிருஷ்ணகிரி அணைக்கட்டு வேலை மும்முரமா நடந்த காலம் அது. எல்லப்பண்ணன் சொந்த மாட்டுவண்டியில அணைக்கு மணல் அடிச்சுது. நல்ல ஒசரம், நல்ல மனசு. ஆனா கையில சுத்தியோ மம்பட்டியோ கெடைச்சா மட்டும் மனுசன் வேற. "அணைக்கே மணல் அடிக்கறவன் நானு. அங்க இஞ்சினீருங்க செய்யறதையெல்லாம் பாத்துட்டுத்தான் வர்றேன், இந்த வூடு எனக்கு எம்மாத்திரம்?"னு பேசும். இஞ்சினீருங்க அதைப் பாத்திருந்தா வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயிருப்பாங்க.

எங்க ரெண்டு வூட்டுக்கும் நடுவுல ஒரே சுவரு. ஒரு நாள் லாந்தர் மாட்ட அண்ணன் அந்தப் பக்கமிருந்து ஒரு முளையை அடிச்சுது. அடி, அடி, அடின்னு அடிச்சதுல முளை இந்தப் பக்கம் வந்து என் புளிப்பானையைத் தள்ளி ஒடைச்சிடுச்சு. நான் கத்திக்கிட்டு ஓடுனா, அண்ணன் சாவகாசமா வந்து எட்டிப் பாத்துட்டு, "பரவால்ல பூவு, உனக்கும் ஒரு முளை ஆச்சு. எதையாச்சும் மாட்டிக்கோ"ன்னுச்சு. வாயில நல்லா வந்துச்சு எனக்கு. அண்ணனாச்சேன்னு அடக்கிக்கிட்டேன்.

வாசல் கதை இன்னும் மோசம். மொதல்ல வாசல் குட்டையா மட்டும்தான் இருந்துச்சாம். வாசல் நிலையை ஒசத்துனா மேல இருக்கற சுவரு எறங்கிடும்னு அண்ணனுக்குப் பயம். அதனால உள்ள தரையைத் தோண்டிப் பள்ளமாக்கிடுச்சு. மழை வந்ததும் தெருத் தண்ணி மொத்தமும் வூட்டுக்குள்ள. சரின்னு வாசல்ல வயல் வரப்பு கணக்கா கல்லும் மண்ணும் வெச்சு ஒரு மேடு போட்டுச்சு. அந்த மேட்டுல ஏறுனா தலை மறுபடியும் நிலையில இடிக்கும். அதுக்கு என்ன பண்ணுச்சு தெரியுமா? கோணிச் சாக்குல வைக்கோலைத் திணிச்சு நிலையில மெத்தை மாதிரி கட்டி வுட்டுச்சு. மறுநாள் காலையில வண்டி மாடு அதைத் தின்னுட்டு நின்னுச்சு.

ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டா ஒரே நாள் வேலை. ஏன் கூப்பிடல? மங்கம்மாக்காகிட்ட, அதான் அண்ணன் பொஞ்சாதிகிட்ட கேட்டேன். நல்லாப் பேசிக்கிட்டிருந்த அக்கா சட்டுனு முகத்தைத் திருப்பிக்கிச்சு. "அதை மட்டும் கேக்காதே பூவு"ன்னுட்டு முறத்தை எடுத்துக்கிட்டு உள்ள போயிடுச்சு. கேக்காதேன்னா நான் கேக்காம இருப்பேனா?

சந்தையில ஒரு மேஸ்திரியைப் புடிச்சுக் கேட்டேன். அவரு மாட்டேன்னு தலையை ஆட்டிட்டாரு. எங்க பக்கத்துல, மொதக் கல்லு வெச்சு வெத்தல பாக்கு வாங்குன மேஸ்திரி உசுரோட இருக்கறப்போ, அவர் சொல்லாம அந்த வூட்டுல இன்னொருத்தர் சாந்துக் கரண்டி வெக்க மாட்டாங்க. "அது வெங்கடப்பன் கட்டுன வூடும்மா. அவரு சொன்னா வர்றேன்"னாரு.

வெங்கடப்பன் யாரு? மங்கம்மாக்காவோட கூடப்பொறந்த அண்ணன்! பக்கத்துப் பட்டியிலதான் இருக்காரு. ஆனா வருசக்கணக்கா இந்த வூட்டுப் படி மிதிச்சதில்ல.

சண்டைக் கதையை எல்லப்பண்ணனே பெருமையாச் சொல்லுச்சு. கிரகப்பிரவேசத்தன்னிக்கு, சொந்தக்காரங்க அத்தனை பேரும் கூடி நிக்கறப்போ, பால் சொம்போட உள்ள நுழைஞ்ச அண்ணன் நிலையில நங்குன்னு இடிச்சுக்கிச்சாம். பாலும் போச்சு, மானமும் போச்சு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அண்ணனுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்து, "ஏன் மச்சான், தூக்குக்குண்டுக்குப் பதிலா கள்ளு மொந்தையைத் தொங்கவுட்டு அளந்தியா?"ன்னு கேட்டுடுச்சு. வெங்கடப்பன் கள்ளு வாசனைகூட அறியாத மனுசன். கோவம் வந்தா தெலுங்குல பொரிஞ்சு தள்றவரு, அன்னிக்கு ஒரு வார்த்தை பேசாம சாமானை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

"தப்பு செஞ்சவன், அதான் வாய் பேசல"ன்னுச்சு அண்ணன்.

எனக்கு அதுதான் ஒத்துவரல. அந்தப் பட்டியில எனக்கு ஒரு சித்தி இருந்தாங்க. அவங்களைப் பாக்கற சாக்குல போயி, வெங்கடப்பன் கட்டுன வூடுங்களா பாத்து, மோர் குடு, நெருப்பு குடுன்னு நுழைஞ்சு நுழைஞ்சு வந்தேன். ஒரு வாசல்லயும் என் தலை இடிக்கல. எங்க ஊரு நெட்டை ஆளுங்க யாரு போனாலும் இடிக்காது. அப்படிப்பட்ட மேஸ்திரி, சொந்தத் தங்கச்சி வூட்டுக்கு மட்டும் ஏன் குட்டை வாசல் வெச்சாரு? மண்டை காஞ்சுது எனக்கு.

இந்த நேரத்துலதான் அண்ணனோட ஒரே பொண்ணு ராஜாத்தி தலைச்சன் புள்ளைக்கு முழுகாம இருந்தா. ஊத்தங்கரைப் பக்கம் குடுத்திருந்தாங்க. ஏழாம் மாசம் வளையல் போட்டுத் தாய் வூட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரணும். அதுக்கு முன்னாடியே அவ மாமியார் பூவம்பழத்தோட நேர்ல வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க. அந்தம்மா ஏற்கெனவே இந்த நிலையில ரெண்டு தடவை இடி வாங்குனவங்க. "வயித்துப் புள்ளக்காரி இந்த வாசல்ல குனிஞ்சு காலைத் தூக்கி எப்படிங்க நுழைவா? தடுக்கி வுழுந்தா யாரு பொறுப்பு? வாசலைச் சரி பண்ணுங்க, அனுப்பறோம். இல்லன்னா பிரசவம் எங்க வூட்டுலயே ஆவட்டும்."

நியாயமான பேச்சு. அதனாலதான் இன்னும் வலிச்சுது. மங்கம்மாக்கா அன்னிக்கு உலை வெக்கல. மொதப் பிரசவத்துக்குப் பொண்ணு தாய் வூட்டுக்கு வரலன்னா ஊரு பேசறது ஒரு பக்கம் கெடக்கட்டும். பெத்தவ வயிறு என்ன பாடுபடும்?

"அண்ணா, மச்சான் கையைக் காலைப் புடிச்சாச்சும் கூட்டிட்டு வா"ன்னேன்.

"அவன் வந்து என்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும். வாசலை நானே பண்ணிக்கறேன். மொதல்ல கூரை. புள்ள பொறக்கற எடத்துல ஒழுகக் கூடாதில்ல?"

நான் போயி நடுச்சுவரோரம் இருந்த என் பானைங்களையெல்லாம் எடுத்து அந்தாண்ட வெச்சேன்.

எங்க பக்கத்து மண்கூரை மட்டமா இருக்கும். மரம் பரப்பி, குச்சி பரப்பி, அதுமேல சவுட்டு மண்ணைக் கொட்டி மிதிப்பாங்க. உப்பு மண்ணு, புல்லு மொளைக்காது, தண்ணியும் எறங்காது. அண்ணனுக்குச் சவுட்டு மண்ணு பிடிக்கல, "சத்தில்லாத மண்ணு"ன்னுச்சு. ஏரியில இருந்து கருகருன்னு வண்டல் மண்ணை வண்டி வண்டியா அடிச்சுது. கெட்டியா புடிக்கட்டும்னு களத்துல கெடந்த கேவுரு உமியையும் பதரையும் வாரிக் கலந்துச்சு. அதுல பாதி மொளைக்கற கேவுரு மணின்னு கண்ணிருக்கறவங்களுக்குத் தெரியும். கூரை மேல ஏறி நின்னு, "பாத்தியா பூவு, அணைக்கட்டுகூட இப்படி நிக்காது!"ன்னுச்சு.

மழை பேஞ்சுது. கூரை பச்சைப்பசேல்னு மொளைச்சிடுச்சு. நான் வளந்த ஊருல மேட்டு நெலத்துலகூட அப்படி ஒரு பயிரைப் பாத்ததில்ல. ரோட்டுல போறவங்க வண்டியை நிறுத்திப் பாத்துட்டுப் போனாங்க. "அறுப்பு எப்போ எல்லப்பா?"ன்னு ஒருத்தரு கேட்டதுக்கு அண்ணன் வெரட்டிக்கிட்டே ஓடுச்சு.

என் ஆடு சும்மா இருக்குமா? வைக்கோல் போர் மேல தாவி, அங்கிருந்து கூரைக்குத் தாவி, நிம்மதியா மேஞ்சுது. நான் கீழ இருந்து "ஹேய், ஹேய்"னு கத்தக் கத்தப் பொத்துன்னு ஒரு சத்தம். ஆட்டைக் காணோம்!

குனிஞ்சு, காலைத் தூக்கி, உள்ள ஓடுனேன். கூரையில பெரிய பொத்தல். கயித்துக் கட்டில் மேல ஆடு, வாயில கேவுருத் தாளோட நின்னுச்சு. ஒரு கீறல் இல்ல. அப்பத்தான் தண்ணி குடிக்க எழுந்து போன எல்லப்பண்ணன் சொம்பும் கையுமா வெறிச்சுப் பாத்துச்சு.

"ஆட்டைக் கட்டி வளக்க மாட்டியா?"

"கூரையில வெள்ளாமை வெச்சா ஆடு மேயாம என்ன பண்ணும்? அதைச் சொல்லு மொதல்ல!"

சண்டை போட்டுக்கிட்டே மண்ணை அள்ளுறப்போ ஒரு மூங்கில் குச்சி கைக்கு வந்துச்சு. மஞ்சள் பூசி, நூல் சுத்தி இருந்துச்சு. பாத்ததும் தெரிஞ்சுது, இது அந்த வூட்டு முழக்கோல். வூடு கட்ட ஆரம்பிக்கறப்போ மேஸ்திரி வூட்டு எஜமானை உக்கார வெச்சு, முழங்கையில இருந்து நடுவிரல் நுனி வரைக்கும் அளந்து ஒரு குச்சி வெட்டிக்குவாரு. அந்தக் குச்சியாலதான் வாசல் ஒசரத்துல இருந்து வூடு பூராவும் அளப்பாங்க. வேலை முடிஞ்சதும் கூரைச் சந்துல செருகிடுவாங்க. அப்புறம் யாரும் அதைத் தொடறதில்ல.

எனக்குக் கை சும்மா இருக்கல. என் முழங்கையோட வெச்சுப் பாத்தேன். கிட்டத்தட்ட சரியா இருந்துச்சு.

"அண்ணா, உன் கையைக் குடு."

அண்ணன் கையை நீட்டுச்சு. குச்சி மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்சம் போயி முடிஞ்சுபோச்சு. விரலுங்க மொத்தமும் வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு.

"இது என் கை அளவு இல்லையே"ன்னுச்சு அண்ணன், சின்னப் புள்ளையாட்டம்.

நான் மங்கம்மாக்காவைப் பாத்தேன். அக்கா தன் கையை முந்தானைக்குள்ள இழுத்துக்கிச்சு. அந்த ஒரு இழுப்புலயே எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. அண்ணனுக்கும் புரிஞ்சுது.

"அன்னிக்கு நீ ஒசூருக்குப் பாரம் ஏத்திக்கிட்டுப் போயிருந்தே"ன்னு அக்கா தரையைப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு. "நல்ல நேரம் தப்புது, எஜமான் கை வேணும்னு எங்க அண்ணன் உக்காந்திருந்துச்சு. நான்தான் என் கையை வெச்சு அளன்னேன். அண்ணன் வேணாம் வேணாம்னுச்சு. வூடு ஆருக்கு, எனக்குத்தானேன்னு நான்தான் கையை நீட்டுனேன். நீ தலையை இடிச்சுக்கிட்டு எங்க அண்ணனைத் திட்டறப்போ வாயைத் தொறக்கலாம்னு பாத்தேன். அண்ணன் கண்ணாலயே வேணாம்னுச்சு. எஜமான் இருக்கறப்போ பொம்பளை கையால வூடு அளந்தான்னு ஊரு என்னைப் பேசும், நீயும் என்னைக் கொறை சொல்லுவியோன்னு பயந்துச்சு. அந்தப் பழியை அதுவே சொமந்துக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் எப்படி நான் சொல்றது? ஒவ்வொரு வருசமும் இன்னும் கஷ்டமாத்தான் ஆச்சு."

அக்கா அழுதுச்சு. நானும் அழுதேன். ஆடு மட்டும் மென்னுக்கிட்டே இருந்துச்சு.

எல்லப்பண்ணன் அந்தக் குச்சியைக் கையில எடுத்துக்கிச்சு, துண்டைத் தோள்ல போட்டுக்கிச்சு, பட்டிப் பக்கம் நடந்துச்சு. நான் வேலி ஓரமாவே நின்னேன். பொழுது சாயறப்போ ரெண்டு பேரும் வந்தாங்க. வெங்கடப்பன் முன்னாடி, அண்ணன் சாமான் பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி. அங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. ரெண்டு பேரையும் எத்தனையோ வாட்டி கேட்டுப் பாத்துட்டேன், வாயே தொறக்கல. அது ஒண்ணு மட்டும் என் தொண்டையில நிக்குது.

வெங்கடப்பன் வாசல்ல தலையை ஒழுங்காக் குனிஞ்சாரு. கட்டுனவருக்குத் தெரியாதா? ஆனா மேடும் பள்ளமும் அவருக்குப் புதுசு. தடுக்கி, உள்ள தொப்புன்னு வுழுந்தாரு.

"எவன்டா இந்த வேலை பாத்தது?"

"நான்தான் மச்சான்."

"தெரியுது"ன்னாரு. அப்புறம் கூரைப் பொத்தல்ல கேவுருப் பயிரு தலையை ஆட்டறதைப் பாத்தாரு. உக்காந்த எடத்துலயே சிரிக்க ஆரம்பிச்சாரு. தெலுங்குல என்னென்னவோ சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. மங்கம்மாக்கா கண்ணைத் தொடைச்சுக்கிட்டு அவரைத் தூக்கி வுட்டுச்சு.

மறுநாள் ஒரு புது மூங்கிலை எடுத்துக்கிட்டு, "மாப்ளே, கையை நீட்டு, உன் அளவுக்குப் புதுசா வெட்டிடறேன்"னாரு.

அண்ணன் கையை நீட்டல. பழைய குச்சியை எடுத்து அவர் கையில வெச்சுது. "இவ கையால எழும்புன வூடு. இந்தக் கோலே இருக்கட்டும். வாசலுக்கு மட்டும் ஒரு முழம் சேத்துப் போடு மச்சான்."

மங்கம்மாக்கா அடுப்பங்கரையில இருந்து கேட்டுக்கிட்டே நின்னுச்சு. உலை பொங்கி வழிஞ்சதைக்கூடப் பாக்கல.

ராஜாத்தி வந்தன்னிக்கு நான்தான் ஆரத்தி தட்டு புடிச்சேன். கை நெறைய வளையலோட வாசல்ல நின்னவ, பழக்க தோசத்துல வயித்தைப் புடிச்சுக்கிட்டுக் குனியப் போனா. "குனியாதே தாயி, நிமிந்து வா!"ன்னு உள்ள இருந்து அண்ணன் கத்துச்சு. அவ நிமிந்தே வந்தா. மேடு இல்ல, பள்ளம் இல்ல, நேரா நடந்து அவங்கம்மா மேல போயி சாஞ்சுக்கிட்டா. புள்ளயும் அந்த வூட்டுலயேதான் பொறந்துச்சு.

அந்த வாசல்ல இப்ப யானைகூட போவலாம். ஆனா எல்லப்பண்ணன் மட்டும் இன்னும் குனிஞ்சு, காலைத் தூக்கித்தான் உள்ள போவுது. பாக்கறவங்க சிரிக்கறாங்க.

"ஏண்ணா, வாசல்தான் ஒசந்துடுச்சே, இன்னும் எதுக்குக் குனியறே?"ன்னு கேட்டேன்.

"அவ வூடு பூவு. குனிஞ்சு போனா என்ன கொறைஞ்சா போயிடுவேன்?"

உள்ள இருந்து மங்கம்மாக்கா, "குனியறது சரி, காலை எதுக்குத் தூக்கறாராம்? அதையும் கேளு"ன்னுச்சு.