பாக்கெட் டிவியில் ஒரு பஞ்சாயத்து

சின்ன டிவி சின்ன ஷாக்தான் அடிக்கும் என்று நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். சின்ன நண்டு சின்னதாகத்தானே கடிக்கிறது? உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய டிவி. நாலு பேனா பேட்டரியில் ஓடுவது. அது என்ன செய்துவிடும் என்று பின்மூடியைக் கழற்றி, படக்குழாய்க்குப் போகிற தடித்த ஒயரை விரலால் ஒதுக்கினேன். அடுத்த கணம் ஸ்டூல் ஓரிடம், நான் ஓரிடம். உயிர் இருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்த்தேன். துடிப்பே இல்லை. என் சாவுக்கு நானே கொஞ்சம் துக்கப்பட்ட பிறகுதான், கைக்கடிகாரப் பட்டையின் மேல் விரலை வைத்திருப்பது தெரிந்தது.

டிவி என்னுடையதல்ல. பழவேற்காட்டு பாய் ஒருவருக்கு அவர் மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. நான் அப்போது ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். படகில் ஏறினால் வாந்தி எடுக்கிற மீனவன் வேறென்ன செய்வான்? பாயிடம் போய் டிவியைக் கேட்டேன்.

"அதுல படமே வரலியே, மழை பெய்யறாப்பல சத்தம்தான வருது. உனக்கு இன்னாத்துக்கு?"

"படத்த நான் உள்ள ஊத்தப்போறேன் பாய்."

"ஊத்து, கவுத்து, இன்னா வேணா பண்ணு. உயிரோட திருப்பிக் குடு."

யார் உயிரை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் காரணம் என் அண்ணன். எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதைப் பாடு என்போம். அண்ணன் தன் பாட்டை விட்டு அடுத்த பாட்டில் வலை கட்டிவிட்டதாகப் பங்காளி ஒருவர் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார். உண்மையானால் அண்ணனுக்கு ஒரு வருஷம் பாடு கிடையாது. அதாவது, வீட்டில் அடுப்பு கிடையாது.

"தப்புன்னு ஒத்துக்கோ, பாத்து முடிச்சுடலாம்" என்றார் தலைவர்.

"செய்யாத தப்ப எந்த வாயால ஒத்துக்கறது? சோறு துன்ற வாயாலயா?" என்று கேட்டாள் அண்ணி. பஞ்சாயத்தில் பெண்கள் பேசுவதில்லை. அண்ணிக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை போல.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அண்ணன் இடம் மாறி வலை கட்டியதாகச் சொன்ன அதே காலையில் தோணிரேவிலிருந்து ஒரு கல்யாணப் படகு ஏரியைக் கடந்தது. வீடியோக்காரர் பெண்ணைப் படம் எடுத்துக்கொண்டே வந்தார். இடுப்பளவு தண்ணீரில் வலைக்கம்பைப் பிடித்தபடி, உரசிக்கொண்டு போன அந்தப் படகுக்குக் கையாட்டியதாக அண்ணன் சொல்லியிருந்தான். படம் இருக்கிறது! சொன்னதும் தலைவர், "கொண்டாந்து இங்க காட்டு" என்றார். பஞ்சாயத்து உட்கார்ந்த மணலை விட்டு, தீர்ப்பு சொல்ல இன்னொருவர் வீட்டுக்குப் போகாது. அந்த மணலில் கரண்டும் கிடையாது.

வீடியோக்காரர் நல்ல மனுஷர். பேட்டரியில் ஓடும் காமிராவைத் தந்தார். அதிலேயே கேசட்டை ஓட்டலாம், ஆனால் பார்க்கிற துளையில் ஒரு கண்தான் நுழையும். டிவியில் காட்டலாமென்றால், அதன் ஆன்டெனாவில் சேர்க்கிற பெட்டி அவரிடம் இல்லை. வெறும் மஞ்சள் ஒயர்தான். பாக்கெட் டிவிக்கோ ஆன்டெனாவை விட்டால் வேறு வாசல் இல்லை. ஆகவே சுவரில் வாசல் வைக்க வேண்டியதாயிற்று.

ஷாக் தெளிந்ததும், இன்னொரு தடவை அடித்தால் கைக்குக் கை நெஞ்சு வழியாகப் பாயாமலிருக்க, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். ஆன்டெனாவில் பிடித்த அலையிலிருந்து படத்தைப் பிரித்தெடுக்கிற ஐ.சி. ஒன்று, அந்தப் படத்துக்குப் பலம் ஏற்றுகிற பகுதி ஒன்று. இரண்டுக்கும் நடுவே போகிற செம்புக் கோட்டைப் பிளேடால் அறுத்தேன். மஞ்சள் ஒயரின் நடுக்கம்பியை ஒரு கெப்பாசிட்டர் வழியாக, பலம் ஏற்றும் பக்கத்தில் பற்றவைத்தேன். வெளிச்சுற்றை பேட்டரியின் மைனஸில். முதலில் ஒரு இடம் தள்ளி வைத்துவிட்டேன். மணப்பெண் கறுப்புப் பல்லும் வெள்ளைத் தலைமுடியுமாகக் கரணம் அடித்தாள். சாபம் என்று நடுங்கி, ஒயரை ஒரு டிரான்சிஸ்டர் முன்னால் மாற்றினேன். பெண் அழகாகி, நின்றாள்.

மறுநாள் பிற்பகல் பஞ்சாயத்து. வெயிலில் இரண்டங்குலத் திரை தெரியவில்லை. பாய்மரத் துணியைப் போர்த்தி, ஒரு தடவைக்கு இரண்டு தலை என்று முறை வைத்தோம். பங்காளி, "சினிமாவுக்கு டிக்கெட்டு எவ்ளோ?" என்று நக்கலடித்தார்.

"தப்பு பண்ணாதவங்களுக்கு ஃப்ரீ. நீ மட்டும் வெளிய நில்லு" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தலைவரிடமும் சவால் விட்டேன்: "எங்க பாட்டு எல்லக்கம்புல செவப்புத் துணி, அடுத்த பாட்டுல பச்ச. அண்ணன் பக்கத்துல இன்னா துணின்னு நீங்களே பாருங்க!"

தலைவர் துணிக்குள் தலையை விட்டார். நானும் விட்டேன். அண்ணன் வந்தான், கம்பு வந்தது, துணி படபடவென்று ஆடியது. சாம்பல் நிறத்தில்.

டிவி கறுப்பு வெள்ளை. அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சேர்த்தவனுக்கு அந்த ஒன்று தோன்றவில்லை. "தலைவரே, இது... செவப்பு சாம்பல்" என்றேன்.

"துணி கெடக்குது வுட்றா. பின்னால லைட்ஹவுஸ் தெரியுது பாரு. ஒத்தப் பனைக்கு எந்தப் பக்கம் நிக்குது?"

எனக்கு விளங்கவில்லை. தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு விளங்கியது. கரையில் எது எதற்குப் பக்கத்தில் தெரிகிறது என்பதை வைத்துத்தான் அவர்கள் பாட்டை அறிகிறார்கள். லைட்ஹவுஸ் பனைக்கு வடக்கே தெரிந்தால் அது அண்ணனின் பாடு. தெற்கே தெரிந்தால் அடுத்தது.

தலைவர் வெளியே வந்து பங்காளியைக் கூப்பிட்டார். "நீயே பாத்து நீயே சொல்லு."

பங்காளி குனிந்து உள்ளே போனார். வெளியே வர நேரமாயிற்று.

"வடக்கால தான் கீது" என்றார்.

படம் ஓடியது ஒரு நிமிஷம் இருக்கும். வழக்கைத் தள்ளிவிட்டார்கள். தன் அடுத்த முறை வந்தபோது அண்ணன் போய் வலை கட்டினான்.