பேர் வெட்டாத தோசைக்கல்

எங்கள் வீட்டில் பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் பேர் வெட்டியிருக்கும். கரண்டிக்கும்கூட. விசேஷ வீட்டுக்கு இரவல் போனாலும் வழி தெரிந்து திரும்பி வந்துவிடும். தோசைக்கல்லுக்கு மட்டும் பேர் இல்லை. வார்ப்பிரும்பில் உளி வைத்தால் விரிசல் விடும் என்று பாத்திரக்கடையில் சொல்லிவிட்டார்கள். அது போதாதா எனக்கு? கேஸை மூடினேனா என்று கரமனை பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான்.

எதிர்வீட்டுக்காரி, மகளின் நிச்சயத்துக்கு அந்தக் கல்லை வாங்கிப் போனாள். மறுநாள் கொண்டு வந்தாள்.

"சேச்சி, கல்லுன்னா இதுதான் கல்லு, கேட்டோ. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, தோசையை எடுக்கக் கடப்பாரை வேணும்."

சிரித்தேன். அவள் தன் வீட்டுக்குப் போனபிறகுதான் உறைத்தது. அவள் கல்லும் இதே அளவு. நிச்சயத்தன்று இரண்டும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் கிடந்தன. இப்போது கையில் இருப்பது கொஞ்சம் கனம் கூடின மாதிரி இல்லையா? எத்தனையோ வருஷம் புழங்கின கல், ஒரு அடையாளம் சொல்லத் தெரியவில்லை. தோசை ஒட்டாமல்தான் வந்தது, ஆனால் நிச்சயத்தன்று அத்தனை எண்ணெய் குடித்த கல் எதுவும் ஒட்டாதே.

கேட்கவும் முடியாது. என் மகன் துபாயில். காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி கொண்டுவருவது அவள்தான். ஒரு வார்த்தை தப்பாகக் கேட்டால் அதோடு போயிற்று.

போனில் தேடினேன். எட்டாம் கிளாஸோடு நின்றவள்தான், ஆனால் வீடியோ பேசுமே. பேரில்லாத இரும்பையும் யார் வார்த்தது, எந்தக் காலத்தது என்று சொல்லலாமாம். அடியின் நடுவில் தழும்புபோல் கோடு இருந்தால், அதன் வழியாக உருகின இரும்பை ஊற்றிய பழைய வார்ப்பு. ஓரத்தில் மெஷின் தேய்த்த தடம் இருந்தால் புதுசு. பேசினவர் கடைசியில் தானே கல் விற்றார். அதனால் பாதிதான் நம்பினேன்.

என்னுடையது சாலைத் தெருவில் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியது. அவளுடையது மெஷின் கல். ஆக, அடியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அடி முழுக்கக் கரி.

வீட்டுப் பின்பக்கம் தேங்காய்ச் சிரட்டையில் தீ மூட்டிக் கல்லைப் போட்டேன். ஆறினதும் செங்கல்லால் தேய்த்தேன். கரி ஓடு ஓடாகக் கழன்றது, மேல்பக்கத்துக் கறுப்பும் கூடவே போயிற்று. நடுவில் அந்தக் கோடு. விரலுக்கு நன்றாகத் தட்டுப்பட்டது. ஓரத்தில் தடம் கிடையாது. பழசு, என்னுடையதேதான். கடைக்காரனும் என்னை ஏமாற்றவில்லை. யார் வார்த்தது என்பது மட்டும் தெரியவில்லை. அது போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம், கல் வேண்டும். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"இது ஏது சேச்சி, புதுசா?"

"நம்ம கல்லுதான்."

"நம்ம கல்லு கறுப்பா, கண்ணாடி மாதிரில்லே இருக்கும்."

"தேய்ச்சேன்."

"தோசைக்கல்லையா?" என் முகத்தையே பார்த்தாள். "தரப் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாம். நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."

"இல்லை, இந்தக் கோட்டைப் பாரு."

"என்ன கோடு?"

கோட்டைப் பற்றிச் சொன்னால், அதை எதற்குத் தேடினேன் என்றும் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை என்றேன். கல்லைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தினமும் வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுத் தேய்த்துப் பழக்குகிறேன். தோசை இன்னும் பிய்ந்துதான் வருகிறது. கறுத்ததும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எதிர்வீட்டுக் கதவு இப்போதெல்லாம் சாத்தியே இருக்கிறது. வெயிலுக்காக இருக்கும்.