குகை மூச்சை இழுத்த வெள்ளிக்கிழமை

வம்பை விலைக்கு வாங்கியது அம்சவள்ளியின் வாய்தான்.

கரியாலூருக்கு மேலே, வனத்துறை கம்பிக்கதவு போட்ட குகைக்கு அவள் வாட்சர். மரவள்ளி பிடுங்கப் போய்க்கொண்டிருந்தவள் காக்கி மாட்டியதில் ஊருக்குக் கொஞ்சம் புகைச்சல். குகைக் கல்லைச் சோதித்துப் பழைய மழைக்காலங்களை ஆராயும் ராதிகா மேடம், உள்ளே காற்றை அளக்க ஒரு கருவி வைத்திருந்தார். குகை மூச்சு விடும், அதைத்தான் பதிவு செய்கிறோம், புகை நிறைந்தால் ஒரு வருட வேலையும் வீண் என்று சொல்லியிருந்தார். அதை அம்சவள்ளி சங்கராபுரம் பஸ்ஸில், மேடம் மாதிரியே மூக்கைச் சுருக்கிப் பேசிக் காட்டினாள். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள், மூச்சு விடுவது அம்மனாகிவிட்டது.

ஆடி வெள்ளி காலை, மழை விட்ட குளிரில், கதவுக்கு முன்னால் பெண்கள் கூட்டம். தட்டு நிறையக் கற்பூரத்தோடு முன்னே நின்றவள் சாலம்மாள். அம்சவள்ளியைத் தூக்கி வளர்த்த அத்தை.

"காக்கி மாட்டிக்கினா, அம்மன் உன்னாண்ட பர்மிசன் கேக்கணுமாடி?"

அம்சவள்ளி கருவியைப் பற்றி விளக்கினாள். மிஷின் வைத்தே பார்க்கிறார்கள் என்றால் அம்மன் இருப்பது நிஜம்தானே என்றார்கள். கெஞ்சிக் கூத்தாடி, வெளியிலேயே கொளுத்தச் சம்மதிக்க வைத்தாள்.

கற்பூரம் எரிந்தது. மேலே போன புகை தயங்கியது, வளைந்தது, கம்பிகளுக்கு நடுவே உள்ளே நுழைந்தது. குளிர்ந்த காலையில் குகை காற்றை உள்ளே இழுக்கும் என்று மேடம் சொன்னது அப்போதுதான் அம்சவள்ளிக்கு உறைத்தது.

வெறும் கையால் தீயை அமுக்கினாள்.

சாலம்மாள் தட்டைப் பின்னுக்கு இழுத்தாள். "ஏத்துன கற்பூரத்த அணைச்சிட்டியே. வூடு வெளங்குமாடி?"

அம்மனும் இல்லை, ஒன்றும் இல்லை என்று கத்த அம்சவள்ளி வாயெடுத்தாள். அடங்காத ஒரு நூல் புகை மட்டும் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கருகிய கையால் அதைக் காட்டினாள்.

"பாரு அத்த. மூச்ச இழுத்துக்கினு கீது. இழுக்கறப்ப மூக்காண்ட பொக வெப்பியா?"

சாலம்மாள் அந்த நூலையே பார்த்தாள். பிறகு மீதிக் கற்பூரத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

மாதக் கடைசியில் மேடம் வந்து பதிவைக் கணினியில் விரித்தார். வருடம் முழுக்க ஒழுங்காக ஓடிய கோட்டில் ஒரே ஒரு பல் துருத்திக்கொண்டிருந்தது. இது என்ன என்று கேட்டார்.

அம்சவள்ளி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "அதுங்களா? எங்க அத்தைங்க மேடம்."