போதகர் இல்லாத கல்யாணம்

2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை. எழுந்ததும் பால் காய்ச்சினேன், மாடித் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன், வாரத் துணிகளை ஊறவைத்தேன், சாமுவேல் மாமாவின் பிரஷர் மாத்திரையை என் கைப்பையில் மறக்காமல் போட்டுக்கொண்டேன். என் டைரியில் அன்றைய பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. இதையெல்லாம் சொல்லக் காரணம், அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. சிங்காநல்லூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருப்பு சரிபார்ப்பதுதான் என் வேலை. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, பிறகுதான் எழுதுவேன். யாராவது ஆவி, அமானுஷ்யம் என்று ஆரம்பித்தால் பாத்திரம் கழுவ எழுந்து போய்விடுகிற ஆள். நீங்கள் இதை நம்பமாட்டீர்கள் என்று தெரியும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

மாமா என் அம்மாவின் அண்ணன், எண்பது வயது. அவருடைய அப்பாவைப் பெற்ற ரூத்தம்மாளின் கல்லறைக் கல் மழையில் பிளந்துவிட்டது. புதுக் கல் வைக்கும்போது அதில் 'ஹென்றியின் மனைவி' என்று பொறிக்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. ஹென்றி, வெள்ளைக்காரர் காலத்தில் ஆனைமலைப் பக்கம் பஞ்சு மெஷின் ஓட்ட வந்த இங்கிலாந்துக்காரர். ஊரில் ரூத்தம்மாளை 'துரை வெச்சிருந்தவ' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்காகப் பள்ளிக்கூடத்தில் மாமா பையன்களோடு கட்டிப் புரண்டிருக்கிறார். அவருக்கு முதலில் பார்த்த சம்பந்தமே அதனால்தான் நின்றுபோனது.

கல்லறையில் எது பொறித்தாலும் மாமாவின் தம்பி மகன் டேனியலும் சம்மதிக்க வேண்டும். அவன் ஒரே பிடியாக நின்றான். "ஆதாரம் இல்லாம கல்லுல வெட்டிப்போட்டு, நாளைக்கு எவனாச்சும் கேட்டா என்னங்க பெரியப்பா சொல்றது?" நானும் அவன் பக்கம்தான். மனைவி என்றால் அதற்குப் பதிவு இருக்க வேண்டும் இல்லையா?

ஆகவே நானும் மாமாவும் பதிவைத் தேடி ஒவ்வொரு சர்ச்சாக ஏறி இறங்கினோம். செல்லரித்த திருமணப் பதிவேடுகளைப் புரட்டிப் புரட்டி எனக்குத் தும்மலே நிரந்தரமாகிவிட்டது. எங்கும் இல்லை. கடைசியில் ஹென்றி குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் என்று தெரியவந்து, இங்கிலாந்தில் அவர்களுடைய பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வந்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். அவர்களுக்குப் போதகர் கிடையாது. கல்யாணம் என்றால் எல்லோரும் ஒரு கூடத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் எப்போது தோன்றுகிறதோ அப்போது எழுந்து, கைபிடித்து, தாங்களே வாக்குக் கொடுப்பார்கள். மறுபடி மௌனம். பிறகு அங்கே இருந்த அத்தனை பேரும், பிள்ளைகள் வேலைக்காரர்கள் உட்பட, சாட்சியாகக் கையெழுத்துப் போடுவார்கள். ஹென்றியின் கல்யாணம் பற்றித் தங்களிடம் எந்தத் தகவலும் இல்லை என்றும் எழுதியிருந்தார். தேடவே வேண்டாத இடத்தில் இத்தனை நாள் தேடியிருக்கிறோம்.

மாமா மட்டும் சிரித்தார். "பாஸ்டர் இல்லீன்னா பிரசங்கமும் இல்ல. நெம்ப நல்ல கல்யாணம், கண்ணு."

ஹென்றி குடியிருந்த பங்களா இப்போது ஒரு தென்னை நார் மில்லின் குடோன். அதைப் பார்த்துவிட்டாவது வருவோம் என்று மாமா கேட்டதால்தான் அந்தச் சனிக்கிழமை உக்கடத்தில் பஸ் ஏறினோம். மாசாணியம்மன் கோவிலுக்குப் போகிற கூட்டத்தில் மாமாவுக்கு உட்கார இடம் பிடித்ததே பெரும்பாடு.

மில் முதலாளி ஜாபர் பாய் நல்ல மனிதர். இளநீர் வெட்டச் சொல்லிவிட்டு, பழைய காகிதம் எதுவும் இங்கே இல்லை, வாங்கும்போதே காலிக் கட்டடம்தான் என்றார். கூடத்தின் பாதிவரை நார்க்கட்டுகள். மீதி இடத்தில் ஜன்னல் வெயில். மாமா அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாய், இங்க கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துக்கட்டுங்களா?"

"சும்மா உக்கார்றதுக்கா கோயமுத்தூர்ல இருந்து வந்தீங்க? உக்காருங்க, உக்காருங்க. சாப்பாட்டு நேரந்தான், மெஷினும் நின்னுபோகும்." பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார். விருந்தாளிகளைத் தனியே விட மனமில்லாமல் தானும் ஒன்றில் உட்கார்ந்துகொண்டார். கல்யாண விஷயம் எதையும் நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. பாட்டன் இருந்த வீடு என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். வாசல் பக்கம் பழனியம்மாள் என்கிற வேலைக்கார அம்மா, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு, இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று வேடிக்கை பார்த்தபடி நின்றார்.

மட்டை அடிக்கிற மெஷின் நின்றது. முதலில் எனக்கு ஊறவைத்த துணி ஞாபகம்தான் வந்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது. அந்த அமைதி காலியான இடத்து அமைதியாக இல்லை, எப்படிச் சொல்வது, கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் முன்னால் எல்லோரும் ஒரு கணம் வாயை மூடுவார்களே, அது அப்படியே நீண்டுகொண்டே போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நம்பினால் நம்புங்கள், நான் என் முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டேன். யாரோ பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்ததற்கு இடம் விடுவதுபோல. ஏன் இழுத்தேன் என்று யோசித்துத் திரும்பினால், மாமாவும் நீட்டியிருந்த காலை மடக்கி, யாருக்கோ வழி விட்டிருந்தார். பயமே இல்லை. என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்றுதான் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நேரத்தைக் குறிக்காமல் நான் விட்ட நாள் அது ஒன்றுதான். ஜாபர் பாய் சட்டென்று எழுந்து, மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் அவரே கூச்சத்தோடு சிரித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. என்னமோ நிக்காஹ் முடிஞ்ச மாதிரி தோணுச்சு, கை குடுத்துப்போட்டேன்."

கையை விடுவித்த பாய் தன் விரலைப் பார்த்தார். "இதென்னங்க, மை?"

பேனா அழுந்துகிற இடத்தில், நடுவிரலின் பக்கவாட்டில், ஈரம் காயாத கருநீல மை. மாமாவின் வலது கையிலும் அதே இடத்தில். நான் என் வலது கையைத் திருப்பிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டபோதுதான் இடது கை கண்ணில் பட்டது. நான் இடது கையால் எழுதுகிறவள்.

உடனே நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்தேன், கைப்பையைக் கொட்டிப் பார்த்தேன், கதவுகளைத் தடவிப் பார்த்தேன். என்னிடம் இருந்தது பால்பாயின்ட் பேனா. மில்லில் பில் போடுவதோ கம்ப்யூட்டரில். நாருக்குச் சாயம் ஏற்றும் வேலை அங்கே கிடையாது என்று பாய் சொன்னார்.

"ஏனுங்க அம்மணி, எனக்கும் இருக்குதுங்க" என்று வாசலிலிருந்து பழனியம்மாள் கையை நீட்டினார். அவருக்கு விரலின் பக்கவாட்டில் இல்லை. இடது பெருவிரலின் உட்பக்கம் முழுக்க மை அப்பியிருந்தது.

"உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா அம்மா?" என்று பாய் ஆச்சரியமாகக் கேட்டார்.

"எங்கீங்க பள்ளிக்கூடம் போனேன்? நமக்குக் கைநாட்டுதானுங்க."

மை எங்கேயாவது பட்டிருக்கும் என்று நானே எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். என் இடது கையைக்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். அந்தப் பெருவிரலுக்குத்தான் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. தினமும் வேலை வாங்குகிற முதலாளிக்கே தெரியாத விஷயம் அந்தக் கூடத்தில் வேறு யாருக்குத் தெரிந்திருந்தது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி வந்தார். கல்லைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. இரவு டைரியைத் திறந்து, பஸ் நேரத்தை மட்டும் எழுதி மூடினேன்.

மறுநாள் காலை எழுந்ததும், பல்கூட விளக்காமல், டேனியலுக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்க்கா. பேப்பர் கெடச்சுதுங்களா?"

"இல்லைடா. ஆனா மனைவினே வெட்டச் சொல்லீரு. சாட்சி இருக்குது."

"யாருங்க்கா சாட்சி?"

"நான்தான்."

கண்ணால் பார்க்காததை நான் சொல்லமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். "கல்லு வெட்டறவர்கிட்ட இன்னிக்கே சொல்லீர்றனுங்க்கா" என்றான்.