ஒற்றைக் கண்ணுக்கு ஒரு கிணறு

கற்பிட்டிக் கடற்கரை விடுதியொன்றின் தரையில் ஒரு கிணற்றுப் படம் கீறித் தரச் சொன்னார்கள். நானும் போனேன். கூடத்தின் ஒரு முனையில் கண் உயரத்துக்குக் கம்பு நட்டு, முன்னால் கம்பிவலைச் சட்டமொன்றை நிறுத்தி, அதன் கட்டங்கள் வழியாக நூலைத் தரைக்கு இழுத்து, நூல் தொட்ட இடங்களை வெண்கட்டியால் குறித்தேன். பக்கவாட்டில் நின்று பார்த்தால் அது இழுபட்டுக் கிடக்கும் சாம்பல் நிறத் தீற்றல்தான். கம்படியில் நின்றால் உடைந்த செங்கல் விளிம்பு, உள்ளே இருட்டு, ஆழத்தில் கொஞ்சம் தண்ணீர்.

அங்கே நின்றாலும் இரண்டு கண் உள்ளவர்கள் முழுதாக ஏமாறுவதில்லை. தரை தட்டை என்பதை இரண்டு கண்ணும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். ஃபோனுக்கு ஒரு கண்தான். அதனால்தான் இந்த மாதிரிப் படங்கள் ஃபோனில் அப்படியே நிஜமாக விழுகின்றன.

விடுதியில் தேத்தண்ணி கொடுத்தவருக்கும் ஒரு கண்தான். டைனமைட் போட்டு மீன் பிடித்த காலத்தில் மற்றதை இழந்தவர். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். நான் கீறிய நாட்களில் அவர் சிலாபத்தில் மகள் வீட்டில் இருந்தார். திரும்பி வந்த அன்று, கடல் பக்க வராந்தாவில் இருந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி, தட்டத்தோடு குசினியால் வெளியே வந்தார். குசினி வாசல் கம்படிக்குப் பக்கத்தில். "மாதாவே!" என்று கத்தினார். தட்டம் விழுந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர், இத்தாலியில் உழைத்துவிட்டு வந்த இளம் முதலாளி.

"மிஸ், இது உங்கட படத்தை விடச் சோக்கு!"

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. புதிதாக ஆட்கள் வந்தால் முதலாளி அவர்களைக் குசினி வாசலருகே ஃபோனோடு நிறுத்தி, "டீ!" என்று கத்துவார். அண்ணன் சுவரோடு ஒட்டி, கால்களைப் பக்கவாட்டில் நகர்த்தி, தட்டம் நடுங்க வராந்தாவுக்குப் போவார்.

வர்ணம் மங்கிவிட்டதென்று திரும்ப என்னைக் கூப்பிட்டபோதுதான் அதை நேரில் பார்த்தேன்.

"அழிச்சிருவம்," என்றேன் முதலாளியிடம்.

"எதுக்கு? சனம் வாறதே அவரைப் பார்க்கத்தான்."

"அவருக்குப் பயமா இருக்கு."

"பயமில்லாட்டி யாரு பாப்பாங்க?"

குசினிக்குப் போனேன். அண்ணன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அது வெறும் பெயின்ட். வாங்க, மிதிச்சுக் காட்டுறன்."

"தெரியும் பிள்ளை. அன்டைக்குப் பின்னேரமே தும்புத்தடியால அதைக் கூட்டினது நான்தானே."

"அப்ப ஏன் இப்பிடி?"

"பயம் குறைஞ்சிட்டாம், இன்னும் கொஞ்சம் நடுங்கட்டாம். முதலாளிதான் சொன்னாரு. ஒரு கண்ணோட இனி என்னை யாரு மீன்பிடி போட்ல ஏத்துவான்?"

அவர் குரலில் கோபம் இல்லை. அடுத்த கோப்பையை எடுத்தார்.

அன்று மத்தியானம் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அண்ணன் தட்டத்தோடு சுவரில் ஒட்டினார். வந்தவர்களில் ஒருவன் கிணற்றின் நடுவில் குதித்து நின்று, அவருடைய கையைப் பிடித்து இழுத்தான்.

"விடுங்க தம்பி, சுடுதண்ணி!"

தட்டம் கவிழ்ந்தது. கொதிக்கும் தேத்தண்ணி அவர் நெஞ்சில் கொட்டியது. வழுக்கி, முழங்கை கீழே அடிபட விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மற்றவர்கள் கை தட்டினார்கள். குசினி வாசலில் இருந்து பார்க்க அவர் கிணற்றுக்குள் மிதக்கும் பிணம் மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். எல்லா ஃபோன்களும் உயர்ந்தன.

"அண்ணே, எழும்பாதீங்க. கொஞ்சம் அப்பிடியே இருங்க," என்றார் முதலாளி.

அவர் எழும்பவில்லை. அவர்கள் எடுத்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

நான் வர்ணம் கரைக்கும் தின்னர் டின்னைத் தூக்கி, அவர்கள் பார்க்கப் பார்க்கக் கிணற்றின் மேல் ஊற்றித் தேய்த்தேன். முதலாளி என்னை வெளியே போகச் சொன்னார். வேறொருவரைப் பிடித்து அதே இடத்தில் சுறாவொன்று கீறுவித்ததாகப் பிறகு அறிந்தேன். அண்ணனின் கை நிமிரவே இல்லை. தட்டம் பிடிக்க முடியாதவருக்கு அங்கே வேலையும் இல்லை.

சிலாபத்தில் மகள் வீட்டுக்கு அவரைப் பார்க்கப் போனேன். நான் யாரென்று சொன்னதும் மகள் வாசலை மறித்து நின்றாள்.

"அந்த வீடியோ இன்னும் சுத்துது. பள்ளிக்கூடத்தில என்ட பிள்ளைகள்ட்ட காட்டிச் சிரிக்கிறாங்க. நல்லாத்தான் கீறியிருக்கிறீங்க."

உள்ளேயிருந்து அவருடைய குரல் கேட்டது. "யாரு மகள் வந்திருக்கிறது?"

"யாருமில்லப்பா," என்றாள் அவள், என்னைப் பார்த்தபடியே.