ஊறுகாய்ச் சாடியும் ஒரு பட்டாலியனின் வரலாறும்

போன வருடம் புத்தூரில் எங்கள் வீட்டுக்கு ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் வந்தார். சண்டைக் காலத்தில் தான் இருந்த காலாட்படைப் பட்டாலியனின் வரலாற்றைச் சிங்களத்தில் எழுதிக்கொண்டிருந்தார். நாங்கள் இடம்பெயர்ந்து ஓடியபின் அவர்கள் எங்கள் வீட்டில்தான் முகாம் போட்டிருந்தார்களாம். எழுதியதைச் சரிபார்க்க வந்திருந்தார். கொழும்புக் கந்தோரில் இருபது வருடம் வேலை பார்த்ததால் எனக்குச் சிங்களம் தெரியும். அவருக்கும் என் அக்காவுக்கும் நடுவில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது அந்த வீட்டில் கூரை இருக்கவில்லை. அது அக்காவின் சீதன வீடு. அவளுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. வாய்க்கு மட்டும் வயது போகவில்லை.

அவர் வாசிக்க நான் தமிழில் சொன்னேன். "வடக்குக் கட்டளை நிலையத்தை மூன்று நாள் விட்டுக்கொடுக்காமல் காத்தோம்."

"அதெங்கை இருந்தது?" என்றாள் அக்கா.

அவர் யன்னலால் கையைக் காட்டினார்.

"உது எங்கடை ஆட்டுக்கொட்டிலெல்லோ! சொல்லு அவருக்கு."

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனையை எடுத்துக் கவனமாகத் திருத்தினார்.

அடுத்த வரி, "கைவிடப்பட்ட வெறும் வீடு" என்றிருந்தது. அக்காவின் முகம் மாறிவிட்டது.

"ஆர் கைவிட்டது? உடுத்த உடுப்போடை ஓடினனாங்கள். வெறும் வீடோ? குசினியிலை ஒரு சாடி நிறையத் தேசிக்காய் ஊறுகாய் வைச்சிட்டுப் போனனான். அது எங்கையெண்டு கேள்."

எப்படிக் கேட்பதென்று நான் விழித்தேன். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நாங்கள் சாப்பிட்டது, அக்கா," என்றார். "ரெண்டு நாள் பிஸ்கட் மட்டும். பிறகு அந்த ஊறுகாய்." கொஞ்சம் யோசித்தார். "ஆனால், உப்பு கூடிப்போச்சு."

அக்கா விறுக்கென்று எழும்பிக் குசினிக்குள் போனாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். கையில் ஒரு சின்னக் கோப்பையோடு திரும்பி வந்தாள். அதற்குள் இந்த வருடத்து ஊறுகாய்.

"இதைச் சாப்பிட்டிட்டுச் சொல்லட்டும்."

ஒரு துண்டை வாயில் போட்டார். கண் கலங்கியது, புளிப்பாலோ வேறெதாலோ, எனக்குத் தெரியாது. "சரியா இருக்கு," என்றார்.

"இது மூண்டு மாதம் ஊறினது. அது போட்டு ஒரு கிழமையும் ஆகேல்லை. ஊற முதல் அள்ளித் திண்டால் உப்புக் கரிக்காமல் என்ன செய்யும்? உங்கடை ஆக்களுக்குப் பொறுமை காணாது, தம்பி."

அவர் தலையாட்டினார். போகும்போது ஒரு போத்தல் ஊறுகாயையும் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

சில மாதங்களில் புத்தகம் தபாலில் வந்தது. 'வெறும் வீடு' போய்விட்டது. "சொந்தக்காரர் அவசரத்தில் விட்டுப்போன ஊறுகாயை, கேட்காமல் உண்டோம்" என்று எழுதியிருந்தார். அக்கா அந்த வரியை என்னை இரண்டுதரம் வாசிக்க வைத்தாள். பிறகு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

அந்த வீட்டு மனுசி புத்தகத்தின் ஒற்றைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தா. சிங்களத்தில் ஓர் எழுத்தும் அவவுக்குத் தெரியாது.

"எங்கடை வீட்டிலையும்தானே வந்திருந்தவங்கள்," என்றா என்னிடம், மனத்தாங்கலோடு. "எங்கடை பதினொரு கோழியைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?"