அடியில் போன கோப்பு

பேராசிரியர் மதிவாணனை நல்லவர் என்று சொல்லாத ஆள் எங்கள் பல்கலைக்கழகத்தில் கிடையாது. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒன்பது வருடம் அவருக்குக் கீழே அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். இருவருக்கும் வீடு நெய்வேலி நகரியத்தில்தான். சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் ஒரே பஸ்ஸில்தான் போய்வந்தோம்.

அவருடைய அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. அதற்கு முன் அந்தக் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர்கள். அங்கிருந்து கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, பேராசிரியராகி, பதிவாளர் நாற்காலி வரை வந்தார். வகுப்பில், "ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும், தேற்றம் செத்துச்சு" என்று கரும்பலகையைத் தட்டுவாராம்.

நிர்வாகத்துக்கு வந்த முதல் மாதமே ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. தன் ஆட்களின் பிள்ளைகளுக்கு மதிப்பெண் கூட்டிப் போடுகிறார் என்று. சுத்தப் பொய். மனிதர் ஆடிப்போய்விட்டார். அன்றிலிருந்து தனக்கு வேண்டியவர்களின் கோப்பு எதுவானாலும் கட்டின் அடியில் வைக்கச் சொன்னார். வைத்தது என் கை.

மணிமொழி அவரிடமே ஆராய்ச்சி செய்தவள். அவள் அம்மா இதே நகரியத்தில் தெருப் பெருக்கியவள். ஆய்வேடு தேறிவிட்டது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறிக்கப் பதிவாளரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அரசுக் கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கப் பட்டம் கையில் வேண்டும். நாலு மாதம் அவர் அறைக்கு நாயாய் அலைந்தாள்.

"கடைசித் தேதி வந்துகினே இருக்குது சார். ஒரு கையெழுத்துதான் சார்."

"வரிசையில வரும்மா. உன்னுத முன்னாடி எடுத்தா நாளைக்கு நாலு பேரு என்னா பேசுவாங்க?"

கடைசித் தேதி போய் மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். "ஒருத்தரும் வாய் தொறக்க முடியாதுய்யா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான். அதற்குப் பிறகு அப்படியொரு வேலை அறிவிப்பு வரவே இல்லை. மணிமொழி டியூஷன் எடுக்கத் தொடங்கினாள்.

போன வருடம் துணைவேந்தர் பதவிக்கான மூன்று பெயர்களில் அவர் பெயரும் இருந்தது. உடனே இன்னொரு மொட்டைக் கடிதம்: தன் மாணவி மணிமொழிக்குக் குறுக்கு வழியில் பட்டம் வாங்கிக் கொடுத்தாராம்! தேடல் குழு விளக்கம் கேட்டது. அவளே எழுதிக் கொடுத்தால்தான் எடுபடும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்.

முன்னறையில் பிளஸ் டூ பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இவர் வாசலிலேயே நின்றார்.

"நான் உனக்கு எதுவும் செய்யலன்னு... நீயே ஒரு வரி எழுதிக் குடுத்தா..."

மணிமொழி ஒரு தாளைக் கிழித்து, நின்றபடியே எழுதினாள்: 'பேராசிரியர் மதிவாணன் எனக்கு ஒருபோதும் எந்த உதவியும் செய்ததில்லை.' தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு நீட்டினாள்.

"எதிர் உதாரணம் ஒண்ணுகூட இல்ல சார். நானும் தேடிப் பாத்துட்டேன்."

இரண்டு முறை படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

குழுவுக்கு அந்தத் தாளே போதுமானதாக இருந்தது. இன்று அவர் துணைவேந்தர். மணிமொழி டியூஷன்தான் எடுக்கிறாள்.